பைக்கின் கழுத்தில் கட்டிய மஞ்சள் துணி

தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் குடியிருக்கிறோம். முனியாண்டி கல் இருக்கும் இறக்கத்து வளைவில் பிரேக் பிடித்தால் மட்டும், யாரோ முனகுவது போல என் பைக்கில் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது.

"முனிதாங்க. காவலுக்கு ஏதாவது கட்டுங்க" என்றாள் என் மனைவி செல்வி. ஹேண்டிலுக்குக் கீழே, பைக்கின் கழுத்தில் மஞ்சள் துணி சுற்றி எலுமிச்சம்பழம் கட்டினேன். சத்தம் நிற்கவில்லை. செல்வி பின்னால் உட்கார்ந்தால் இன்னும் பலமாகக் கேட்டது. "என்னையத்தான் கூப்பிடுது" என்று பயந்து, அந்த வளைவில் அவள் இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.

பிரேக் கட்டை மாற்றப் போனபோது, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கராஜ்காரர் அந்தத் துணியை அவிழ்த்தார். அடியில் சேசிஸ் முக்கால்வாசி வெடித்திருந்தது. பாரம் கழுத்துக்கு வரும்போதெல்லாம் முனகியது அந்த வெடிப்புதான். "வெல்டிங் வச்சி ஓடேலா தம்பி. சேசிஸ மாத்தோணும்" என்றார்.

புதுச் சேசிஸ் போட்ட பின் பைக்கில் சத்தம் இல்லை. இப்போது எதைக் கட்டுவதற்கு முன்னும் கழுத்தைத் துடைத்து, டோர்ச் அடித்துப் பார்க்கிறேன். செல்வி மட்டும் இன்னும் அந்த வளைவில் இறங்கிவிடுகிறாள். "நடக்கறப்பவும் கேக்குதுங்க" என்கிறாள். நானும் எஞ்சினை நிறுத்தி, பைக்கை அவளோடு தள்ளிக்கொண்டு வருகிறேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.