கூடப் போனவர்

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மேற்படியார். அடிக்குறிப்பில் ஒரே நூலைத் திரும்பத் திரும்பச் சுட்டும்போது ‘மேற்படி’ என்று போடுவார்கள் அல்லவா, அதை வாயாலேயே பேசிய ஒரே மனிதர் அவர்தான். காபி எப்படி இருக்கிறது என்று மனைவி கேட்டால், “நேத்து சொன்னதுதான், மேற்படி” என்பார். முதல் ஆறு மாதம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

விடுதலைக்குப் பிந்தைய ஆப்பிரிக்க அரசியல் அவருடைய துறை. கூடப் படித்தவர்கள் எல்லாம் ஐரோப்பாவுக்கு முண்டியடித்த காலத்தில், இவர் மட்டும் யாரும் சீண்டாத அந்த அலமாரிப் பக்கம் போய் நின்றார். அங்கே நமக்கு யாரடா இருக்கிறார்கள் என்று சித்தப்பா கேட்டார். மச்சினன் ஒருபடி மேலே போய், பார்க்கும்போதெல்லாம் “என்ன மாமா, சிங்கம் சௌக்கியமா?” என்று முப்பத்தைந்து வருஷம் விடாமல் கேட்டான். அவருக்கு உள்ளே பற்றிக்கொண்டு வரும். கொடி மாறிய மறுநாள் காலையில் சாதாரண மனிதனுக்கு என்ன ஆகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அதில் சிங்கத்துக்கு வேலையில்லை. அந்தக் கேள்வியில் அவர் உண்மையாகவே உருகினார். நடந்த கூத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆராய்ச்சிக்காக ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு துறைமுகப் பட்டணத்துக்குப் போய் நான்கு மாதம் இருந்தார். தோளில் ஒலிப்பதிவுக் கருவி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பள்ளி ஆசிரியர். நாற்பத்தொரு பேரிடம் பேசினார். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற சுமைத் தொழிலாளி. விடுதலை கிடைத்து எட்டு வருஷம் கழித்து அங்கே நடந்த துறைமுக வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொன்னார். அதை முன்னின்று நடத்தியவர் ஒரு கிரேன் ஓட்டுநர். ஒன்பதாம் நாள் அரசாங்க ஜீப் வாசலில் வந்து நின்றது. அடுத்து கிழவர் சொன்னதை ஆசிரியர் சற்றுத் தயங்கி மொழிபெயர்த்தார்: “அவர்கள் வந்தார்கள். இவர் கூடப் போனார்.” அதன் பிறகு கிரேன் ஓட்டுநரை யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாளில் வேலைநிறுத்தம் படுத்துவிட்டது.

ஊர் திரும்பியதும் அந்த நாடாக்களைக் கேட்டுத் தட்டச்சு செய்தது மனைவிதான். கல்யாணத்துக்கு முன்பே அவள் துறை அலுவலகத்தில் டைப்பிஸ்ட்; காதில் ஹெட்போனை மாட்டினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அந்த வரிக்கு வந்ததும் கையை நிறுத்தினாள். தாள் மெஷினில் இருக்கும்போதே பென்சிலை எடுத்து, ஓரத்தில் அழுத்தி ஒரு கேள்விக்குறி போட்டாள்.

“இவரா போனாரா, இல்ல கொண்டுபோனாங்களா?” என்று கேட்டாள்.

“ரெண்டும் ஒண்ணுதான். சூழல்ல வச்சுப் பாரு.”

இரண்டும் ஒன்றில்லை என்று அவருக்கு அப்போதே தெரியும். புதிய அரசுகள் தொழிற்சங்கங்களை அடித்து ஒடுக்கவில்லை, தலைவர்களை வளைத்துப் போட்டன என்பது அவருடைய நான்காம் அத்தியாயத்தின் வாதம். அதற்கு மூன்று எடுத்துக்காட்டு வேண்டும் என்று ஆய்வு நெறியாளர் ஒற்றைக்காலில் நின்றார். கையில் இருந்தது இரண்டு. ஒரு மத்தியானம் மனைவி வீட்டில் இல்லாத நேரம் அழிப்பானை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தார், துகளை ஊதித் தள்ளினார், ‘கிரேன் ஓட்டுநர் அரசு பக்கம் சேர்ந்தார்’ என்று எழுதினார். எழுதி முடித்தபோது அத்தியாயம் நன்றாக நிமிர்ந்து நின்றது.

ஆய்வேடு புத்தகமாகி அவரை எங்கோ கொண்டுபோய் வைத்தது. பேராசிரியர் வேலை, துறைத் தலைவர் நாற்காலி, மாநாடுகளில் முதல் வரிசை. கிரேன் ஓட்டுநரைப் பற்றி அடுத்து எழுதிய ஒவ்வொருவரும் இவருடைய நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைச் சுட்டினார்கள். அதற்குக் கீழே மேற்படி, அதற்கும் கீழே மேற்படி. ஒரு பொய்க்கு இத்தனை சாட்சி கிடைக்கும் என்று அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

புத்தகம் வந்த எட்டாம் வருஷம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் கிரேன் ஓட்டுநரின் மகள், அந்தப் பட்டணத்தில் செவிலி. அப்பாவை ஜீப்பில் ஏற்றியது அம்மா கண்ணெதிரே நடந்தது, கொட்டடியிலேயே இறந்துபோனார், திருத்த முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தாள். ‘பதில் எழுத வேண்டியவை’ என்ற கோப்பில் அதை வைத்தார். அந்தக் கோப்புக்குள் போனது எதுவும் வெளியே வந்ததில்லை. இரண்டாம் பதிப்பு வந்தபோது பதிப்பாளரே திருத்தம் உண்டா என்று கேட்டார். மூன்று எழுத்துப் பிழையையும் ஒரு தேதியையும் திருத்திக் கொடுத்தார். அதே மாதம் அவளுடைய இரண்டாம் கடிதமும் வந்து சேர்ந்தது. அதுவும் அதே கோப்புக்குள் போனது.

மூன்றாம் கடிதம் வந்தபோது அவர் ஓய்வுபெற்று ஆறு வருஷம். துறைமுகத் தொழிலாளர்கள் காவலில் இறந்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டப்போகிறார்கள்; அப்பா பெயரைச் சொன்னால் குழு உங்கள் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைக் காட்டுகிறது; அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது, கல்லில் பெயரைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசையில்லை. இவ்வளவுதான் கடிதம். இந்தத் தடவை அவர் பதில் எழுத உட்கார்ந்தார். ஆதாரம் இல்லாமல் எப்படி எழுதுவது என்று எழுந்தார். நாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. பதினொரு வாரம் உட்கார்ந்து எழுந்தார். ஆராய்ச்சியாளனின் எச்சரிக்கை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது வெறும் பயம்.

பூதக்கண்ணாடி தேடி மேசை இழுப்பறையைத் திறந்த மனைவி கையில் கடிதம் கிடைத்தது. நின்றபடியே படித்தாள். பீரோவின் அடித்தட்டைக் குடைந்து, நைந்துபோன ஒரு கட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் பிரித்தாள். கார்பன் நகல்கள். மேல் தாளில் அழுத்திப் போட்ட கேள்விக்குறி அடித்தாளில் நீலமாக, அப்படியே இருந்தது. அடியில் கார்பன் இருக்கிறது என்பதைப் பேராசிரியர் மறப்பார், டைப்பிஸ்ட் மறக்க மாட்டாள்.

“நீ இதை ஏன் அப்பவே காட்டல?” என்றார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது.

“நீங்க விசாரிச்சுட்டுத்தான் எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன். புத்தகத்துக்குப் பின்னாடி எது எந்தப் பக்கம்னு அட்டவணை போட்டதும் நான்தானே. ‘துரோகம்’னு போட்டு அதுக்கு நேரா அந்த மனுஷன் பெயரையும் என் கையாலதான் அடிச்சேன்.”

அன்றைக்கே எழுதினார். எதை அழித்தேன், எதற்காக அழித்தேன் என்று ஒளிக்காமல் எழுதி, நகலோடு சேர்த்து மகளுக்கும் குழுவுக்கும் அனுப்பினார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. குழு ஏற்றுக்கொண்டது. பட்டியல் நிரம்பிவிட்டதால் பெயரைக் கல்லின் விளிம்பில் வெட்டியிருக்கிறார்கள். உங்கள் கடிதம் வருவதற்கு ஒன்பது நாள் முன்னால் அம்மா போய்விட்டார் என்று மகள் எழுதியிருந்தாள். திட்டி ஒரு சொல் இல்லை. நன்றி என்றுகூட இருந்தது.

பதினொரு வாரம், ஒன்பது நாள். அந்தக் கணக்கு அவரை விடவில்லை. அழுகை வந்தது, அழுதார். அப்புறம் அலமாரியிலிருந்து தன் பிரதியை எடுத்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தார். ‘சேர்ந்தார்’ என்பதை அடித்துவிட்டுக் ‘கொண்டுபோனார்கள்’ என்று எழுத வேண்டும். பழக்க தோஷத்தில் கை பென்சிலை எடுத்தது.

மனைவி அதை அவர் விரல்களிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு பேனாவைக் கொடுத்தாள்.

“பென்சில் வேண்டாங்க,” என்றாள். “நீங்க அழிச்சுடுவீங்க.”