பதினோரு இடது முழங்கால்

அரூரில் தாலுகா ஆபீஸ் எதிரே அங்கன்வாடி ஊழியர்கள் ஆர்ப்பாட்டம். பந்தோபஸ்துக்கு எங்கள் ஸ்டேஷனிலிருந்து ஏட்டம்மாவும் நானும் போயிருந்தோம். அன்று எனக்கு வார ஓய்வு. ஓய்வு எடுத்துக்கொண்டதாக முந்தின நாளே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் லத்தியோடு வெயிலில் நின்றேன். எங்கள் ஸ்டேஷனில் அதுதான் வழக்கம். போலீஸ்காரர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்று அரசாணை இருக்கிறது. தந்ததாக மேலே அறிக்கை போக வேண்டும். ஸ்டேஷனிலோ ஆள் பற்றாது. அதனால் முதலில் கையெழுத்து, பிறகு டூட்டி. இன்ஸ்பெக்டருக்கு வேண்டிய மூன்று பேர் மட்டும் நிஜமாகவே வீட்டில் இருப்பார்கள். மற்ற பதினோரு பேருக்கும் ஓய்வு என்பது பதிவேட்டில் மட்டும்தான்.

கோஷத்துக்கு நடுவில் ஓர் அங்கன்வாடி அம்மா எழுந்து வந்து எங்களுக்கு ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்தார்.

"ரவ நேரம் நெழல்ல நில்லுங்கம்மா. உங்களுக்கெல்லாம் சங்கம் கெடையாதுங்களா?"

"கெடையாதுங்க. வெக்கக் கூடாதுன்னு சட்டம்" என்றேன்.

"அடப் பாவமே" என்று சொல்லிவிட்டு, போய் உட்கார்ந்து மறுபடி கோஷம் போட ஆரம்பித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. பஸ் ஊழியர், வாத்தியார், கரண்டு ஆபீஸ்காரர் என்று எல்லாச் சங்கத்துக்கும் காவல் நின்றிருக்கிறேன். யாரும் எனக்காகப் பரிதாபப்பட்டதில்லை. ஏட்டம்மா நிதானமாக மோரைக் குடித்து முடித்தார். திரும்பும்போது பஸ்ஸில்தான் வாயைத் திறந்தார்.

"சங்கம் வெக்கக் கூடாதுன்னுதான் சட்டம். மனு குடுக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லியே பாப்பா."

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொம்மிடிப் பக்கத்துக்காரர், இருபத்தாறு வருடச் சர்வீஸ். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. குடித்துவிட்டு ஸ்டேஷன் வாசலில் ரகளை செய்கிறவன்கூட அவரைப் பார்த்தால் "அக்கா" என்று சொல்லிச் சட்டைப் பொத்தானைப் போடுவான். அந்த வருடம் சிறப்பு எஸ்.ஐ. பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நாலு மாதத்தில் தோளில் நட்சத்திரம் வந்துவிடும். அதற்குள் ஒரு மெமோ வாங்கினால் பெயர் போய்விடும். இது ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மறுநாள் ஓய்வு கிடைக்காத எங்கள் பத்துப் பேரையும் உட்காரவைத்து விளக்கினார். இரண்டு பேர் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் அது ஒழுங்கீனம். ஒருவர், ஒரு தாள், அவரவர் குறை. இன்ஸ்பெக்டர் வழியாக டி.எஸ்.பி.க்குப் போக வேண்டும். "அவங்கவங்க கஷ்டத்த அவங்கவங்க வார்த்தையில எழுதுங்க" என்றார். பெறுநர், பொருள், வழி எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காகத் தன்னுடைய மனுவை மாதிரிக்குக் கொடுத்துவிட்டு, கோர்ட் டூட்டிக்காகத் தர்மபுரிக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அங்கேதான் நாங்கள் போலீஸ் புத்தியைக் காட்டினோம். ஒரு விபத்துக்கு ஐந்து சாட்சி என்றால், முதல் சாட்சியின் வாக்குமூலத்தைத்தான் யோசித்து எழுதுவோம். மற்ற நாலும் பெயரை மாற்றிய நகல்தான். கைக்குப் பழகிப்போன வேலை. மாதிரியை நடுவில் வைத்துக்கொண்டு பத்துப் பேரும் மளமளவென்று எழுதி முடித்தோம். "தொடர்ந்து நின்ற நிலையில் பணிபுரிவதால் எனது இடது முழங்காலில் கடும் வலி ஏற்பட்டு மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன்." ஏட்டம்மாவுக்கு இடது முழங்கால் வலி உண்மை. போன வருடம் தேர்வெழுதி வேலைக்கு வந்து, காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு டூட்டிக்கு வருகிற பையனுக்கும் அதே முழங்காலில் அதே வலி. நானும்தான் எழுதினேன். மொத்தம் பதினோரு இடது முழங்கால்.

இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார் என்று கேள்வி. இது பதினோரு மனு இல்லை, ஒரே ஆள் தூண்டிவிட்ட கூட்டு மனு என்று குறிப்பெழுதி அன்றைக்கே மேலே அனுப்பிவிட்டார். இரண்டாம் நாள் டி.எஸ்.பி. அலுவலகத்துக்கு எல்லோரையும் வரச் சொல்லி உத்தரவு.

விஷயம் தெரிந்ததும் ஏட்டம்மா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாங்கள் பத்துப் பேரும் அவருக்குத் தெரியாமல் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டால், நானேதான் எழுதினேன் என்று சொல்லிவிட வேண்டும். அவர் பெயர் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். டி.எஸ்.பி. வயதில் என்னைவிடச் சின்னவர். என் மனுவைக் கையில் வைத்திருந்தார்.

"எந்தக் கால்ல வலி?"

"இடதுங்கய்யா."

"நடந்து காட்டுங்க."

நடந்தேன். பதற்றத்தில் வலது காலை நொண்டினேன். அவர் மனுவை மடித்துக் கீழே வைத்தார்.

"யாரு எழுதிக் குடுத்தது?"

"நானே எழுதினதுங்கய்யா."

"சரி. நெசமா உங்களுக்கு எதுக்கு ஓய்வு வேணும்?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் தயார் பண்ணிக்கொண்டு போகவில்லை. "தலைக்குத் தண்ணி ஊத்திக் குளிச்சு மூணு வாரமாச்சுங்கய்யா. தொப்பியக் கழட்டவே கூச்சமா இருக்குது" என்றேன். இதை அல்லவா மனுவில் எழுதியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கென்று இருந்த ஒரே நல்ல காரணத்தை விட்டுவிட்டு இன்னொருத்தர் முழங்காலைக் கடன் வாங்கியிருக்கிறேன்.

பத்துப் பேரும் சொன்னபடியே சொல்லிவிட்டு வந்தோம். தப்பித்தோம் என்று மூச்சுவிட்டோம். கடைசியாக ஏட்டம்மா போனார். கதவு ஒருக்களித்திருந்ததால் உள்ளே பேசியது எல்லாம் எங்கள் காதில் விழுந்தது.

"மாதிரி மனு நான் குடுத்ததுங்கய்யா. அந்த முழங்கால் என்னுது."

"உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு பத்துப் பேரும் சொல்றாங்களே."

"பொய் சொல்லியிருக்காங்கய்யா. ஓய்வு எடுத்தோம்னு வாரா வாரம் பொய்க் கையெழுத்துப் போட முடியலேன்னுதான் மனுவே குடுத்திருக்கறோம். அதையும் பொய் சொல்லியே வாங்குனா எப்புடிங்கய்யா?"

வெளியே வராந்தாவில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

திரும்பும்போது வேனில் எனக்கு அடக்க முடியவில்லை. "உங்களுக்கு என்ன பைத்தியமாக்கா? நாலு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தா நட்சத்திரம் வந்திருக்குமே" என்று கத்தினேன்.

"ரவ நகந்து உக்காரு பாப்பா, காலை நீட்டிக்கறேன்" என்றார்.

நகர்ந்தேன். என் இருபது வருட சர்வீஸில் எத்தனையோ அதிகாரிகளுக்கு விறைப்பாக நின்று சல்யூட் அடித்திருக்கிறேன். மனசு தானாக எழுந்து நின்றது அன்றைக்கு அந்த வேனில்தான்.

ஒரே வாரத்தில் இரண்டு உத்தரவு வந்தது. வார ஓய்வுப் பட்டியலைச் சுழற்சி முறையில் போட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும், ஓய்வில் இருப்பவரைக் கூப்பிடக் கூடாது, பட்டியலின் நகல் வாரந்தோறும் டி.எஸ்.பி.க்கு வர வேண்டும் என்பது ஒன்று. சக பணியாளர்களைத் தூண்டியதற்காக ஏட்டம்மாவுக்கு மெமோ என்பது இன்னொன்று. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து அவர் பெயர் போய்விட்டது. மெமோவைப் படித்துப் பார்த்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசலில் காத்திருந்த ஒரு பெண்ணின் புகாரை எழுத உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது. மறைக்க நினைக்கவுமில்லை.

புதிய பட்டியலில் சீனியாரிட்டிப்படி முதல் நாள், திங்கட்கிழமை, அவருக்கு. அன்று காலையில் பார்த்துச் சித்தேரி மலைக்கு ஒரு வி.ஐ.பி. வருவதாகத் தகவல் வந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறப் போனவர், நின்று என்னைப் பார்த்தார்.

"ஏட்டம்மாவுக்குப் போன் போடு. ஒரு மணி நேரத்துல இங்க இருக்கணும்னு சொல்லு."

இருபத்தாறு வருடமாகக் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்து நின்ற மனுஷி. இன்றைக்கும் கிளம்பி வந்துவிட்டால் அந்தப் பட்டியல் வெறும் தாள்தான். அவர் தொலைத்த நட்சத்திரமும் வீண். போன் போட்டேன். பின்னால் குக்கர் விசிலடித்தது.

"அக்கா, ஐயா உங்கள வரச் சொல்றாங்க. வி.ஐ.பி. பந்தோபஸ்து."

அடுத்த விசிலும் அடித்து அடங்கியது.

"இன்னைக்கு எனக்கு ஓய்வு பாப்பா. வூட்ல இருக்கறேன். அப்படியே ஐயாகிட்டச் சொல்லிடு."

போனை வைத்துவிட்டார். நான் ஜீப்புக்கு எதிரே போய் விறைப்பாக நின்றேன்.

"ஏட்டம்மாவுக்கு இன்னைக்கு ஓய்வுங்கய்யா. வர மாட்டாங்க."

தேவைக்கு அதிகமாகவே சத்தமாகச் சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார்.

"செரி. நீ ஏறு" என்றார்.

தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறினேன். பட்டியலில் செவ்வாய்க்கிழமைக்கு நேரே என் பெயர் இருந்தது.