மல்லாகம் வரைக்கும் இருந்த நிறம்

எனக்குச் சட்டென்று கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஐம்பது வயது அரச எழுதுவினைஞர் ஒருத்தி ஏன் அரைநாள் லீவு போட்டுவிட்டு இரசாயனச் சாமான் கடைக்காரரோடு சண்டைக்குப் போனாள் என்பது உங்களுக்கு விளங்காது.

எல்லாம் உயர்தர வகுப்பில் தொடங்கியது. அது யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரவிடாத தடைக்காலம். சவர்க்காரம் வராது, பற்றரி வராது, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அப்படியிருக்கப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்கு மட்டும் இரசாயனம் எங்கிருந்து வரும்? அலுமாரியில் போத்தல்கள் இருந்தன, போத்தல்களில் லேபல்கள் இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் பாடத்திட்டத்துக்கு யார் தடை போடுவது? அது ஒரு பக்கம் குறையாமல் வந்து சேர்ந்தது. அமிலத்துக்குள் காரத்தைத் துளித்துளியாக விட்டு, நிறம் மாறும் துளியைப் பிடிக்கிற நியமிப்புப் பரிசோதனையும் அதற்குள் இருந்தது.

எங்கள் இரசாயன மிஸ் அதையும் செய்தே காட்டினார். ஒரு ஜாம் போத்தலுக்குள் கிணற்றுத் தண்ணீர். சொட்டுவிடுகிற அளவிக்குப் பதிலாக மை முடிந்த பேனைக் குழாய். நிறம் காட்ட வேண்டிய பினோத்தலீன் என்ற காட்டி குடாநாட்டில் எங்குமே இல்லை. போத்தலை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்பார்.

"இப்ப கடைசித் துளி விட்டாச்சு. வடிவாய்ப் பாருங்கோ பிள்ளையள், நிறம் மாறிட்டுது. தெரியுதோ?"

"ஓம் மிஸ், தெரியுது!" என்று நாற்பது பேரும் இராகம் போட்டுச் சொல்வோம்.

ஒரு நாள் நான் சொல்லவில்லை. காலையில் வீட்டில் எதற்கோ ஏச்சு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். எழும்பி நின்று, "எனக்குத் தெரியேல்லை மிஸ். உது வெறும் தண்ணி" என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. மிஸ் போத்தலை மேசையில் வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "தெரியாட்டி இரும் பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் போத்தலை அவர் கையில் எடுக்கவேயில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், சோதனையில் அதே கேள்வி வந்தது. அவதானத்தை எழுதுக என்று கேட்டிருந்தார்கள். "வெளிறிய இளஞ்சிவப்பு நிறம் தோன்றியது" என்று ஒரு கூச்சமும் இல்லாமல் எழுதிச் சித்தியும் அடைந்தேன். நாங்கள் வேதக்கார வீடு. பொய்ச்சாட்சியைப் பற்றிய கட்டளையை ஐந்து வயதில் ஞாயிறு பள்ளிக்கூட மேடையில் ஏறி ஒப்புவித்தவள் நான். பாவம், அந்த மனுசி கண்முன்னே காட்டியபோது இல்லை என்றேன்; ஆர் பெற்ற பிள்ளையோ விடைத்தாள் திருத்தியபோது கண்டேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

முப்பது வருடத்துக்கு மேல் அது உள்ளே கிடந்தது. பிறகு இந்த வருடம் தை மாதம், தெல்லிப்பழையில் ஒரு கலியாண வரவேற்பில் மிஸ்ஸைக் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது, முதுகு மட்டும் அதே நேர். கேக்கும் றோல்ஸும் வைத்த கோப்பையோடு கிட்டப் போய் யாரென்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீர் அந்த வெறும் தண்ணிப் பிள்ளையெல்லோ?" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு றோல்ஸ் இறங்கவில்லை. அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். அந்த நிறத்தை என் கையால் வரவழைத்து, என் கண்ணால் பார்த்து, மிஸ்ஸின் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து மன்னிப்புக் கேட்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனுசன் பேப்பரை மடித்து வைத்தார். "இஞ்சேரும், உதென்ன புதுச் சோலி? நிறம் பாக்கிறதெண்டால் சீலைக்கடைக்குப் போமன்" என்றார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமிருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே இணுவிலில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன்.

பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பள்ளிக்கூடங்களுக்கு விஞ்ஞானச் சாமான் விற்கிற ஒரு கடை இருக்கிறது. கண்ணாடி அலுமாரிக்குள் குடுவைகளும் அளவிகளும் பளபளவென்று நின்றன. நகைக்கடை யன்னலில் கூட நான் அப்படி ஒட்டிக்கொண்டு நின்றதில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க கடைக்காரர் என் பட்டியலை வாங்கிப் பார்த்தார். ஒரு அளவி, ஒரு குடுவை, கொஞ்சம் சோடியம் ஐதரொட்சைட்டு, பினோத்தலீன் சின்னப் போத்தல்.

"எந்தப் பள்ளிக்கூடம் அக்கா?"

"பள்ளிக்கூடம் இல்லைத் தம்பி. வீடு."

"வீட்டிலை என்ன செய்யப் போறியள்?"

"நிறம் பாக்கப் போறன்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "கடிதம் ஒண்டு கொண்டு வாங்கோ அக்கா. சும்மா குடுக்கேலாது."

"ஆரிட்டை வாங்கிறது?"

"ஆரிட்டையெண்டாலும் பரவாயில்லை. சீல் இருக்கவேணும்."

இதிலே நான் கோபப்பட முடியாது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் சீல் கேட்டுச் சம்பளம் எடுத்தவள் நான். எங்கள் ஊரில் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒருவரும் பார்ப்பதில்லை. அடியில் வட்டமாக ஊதா நிறத்தில் ஒன்று இருந்தால் சரி. சைக்கிளுக்குக் கடிதம், சவர்க்காரத்துக்குக் கடிதம், ஊரைவிட்டுப் போகக் கடிதம், திரும்பி வரக் கடிதம் என்று வளர்ந்த சனம் நாங்கள். ஆகவே திங்கட்கிழமை கிராம அலுவலரிடம் போனேன். அவரை நாங்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வோம். அவர் தடைக்காலச் சோலிகளெல்லாம் தெரியாத, அமைதியான இளம் ஆள்.

"அக்கா, உது குடிக்கிற சாமானோ, கொளுத்திற சாமானோ?"

"பாக்கிற சாமான் தம்பி."

கடிதத்தாள் ஒன்றை எடுத்தார். பிறகு, நான் அவருடைய பிரிவில் நிரந்தரமாக வசிப்பவர் என்றும், நன்னடத்தை உடையவர் என்றும், நிறம் பார்ப்பதற்காக மேற்படி திரவத்தைப் பெற்றுக்கொள்வதில் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றும் எழுதிச் சீல் குத்தினார். அது போதாது என்று பயந்து போதகரிடமும் ஒன்று வாங்கினேன். ஆராதனைக்கு ஒழுங்காக வருகிறவர் என்று அவர் எழுதித் தந்தார். கடைக்காரர் இரண்டையும் வாசிக்கவில்லை. சீல்களைப் பார்த்தார், பைலில் போட்டார், சாமானைக் கட்டித் தந்தார். "வாசிச்சுப் பாருங்கோ தம்பி, நல்லாய் எழுதியிருக்கு" என்று நான் கெஞ்சியும் பயனில்லை.

அளவிக்குத் தாங்கி வாங்கவில்லை. குசினி யன்னல் கம்பியில் இரண்டு றப்பர் பாண்டால் கட்டினேன். அமிலத்துக்குச் சமையலுக்கு வைத்திருந்த புளிப்பு வினாகிரி இருந்தது. கிணற்றிலிருந்து ஒரு வாளி அள்ளி வந்து, சோடியம் ஐதரொட்சைட்டு வில்லைகளை ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் போட்டுக் கலக்கினேன்.

தெளிந்த கரைசல் வரும் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. எனக்குக் கஞ்சித் தண்ணீர் வந்தது. வெள்ளை வெள்ளையாகக் கலங்கி, அடியில் மாப்போலப் படிந்தது. வந்ததே கோபம்! கடிதம் இரண்டு கொடுத்து, பஸ் நாலு ஏறி, கடைசியில் எனக்குக் கோதுமை மாவையா கட்டித் தந்திருக்கிறான்? அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டேன். காரணம் என்ற இடத்தில் "அவசர தனிப்பட்ட அலுவல்" என்று எழுதினேன். அது பொய்ச்சாட்சி இல்லை.

"தம்பி, ஆரை ஏமாத்தப் பாக்கிறியள்? கலப்படச் சாமான்!" என்று கடைக்குள் கால் வைக்கமுன்னரே தொடங்கிவிட்டேன். சாமான் வாங்க வந்திருந்த ஒரு வாத்தியார் பயந்து ஒதுங்கினார். கடைக்காரர் நான் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்தார்.

"எந்தத் தண்ணியிலை அக்கா கரைச்சனீங்கள்?"

"எங்கடை கிணத்துத் தண்ணியிலை. இணுவில் தண்ணி தம்பி, குடிச்சுப் பாத்தியளோ? தேன்!"

"தேன்தான். உங்கடை கேத்திலுக்குள்ளை எப்பவாவது எட்டிப் பாத்தனீங்களோ?"

 எங்கள் கேத்திலின் உள்ளே விரல் கனத்துக்கு வெள்ளைப் பொருக்கு. எல்லார் வீட்டுக் கேத்திலிலும் அப்படித்தான். நாங்கள் சுண்ணக்கல்லின் மேல் குடியிருந்துகொண்டு, எங்கள் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு என்று அடுத்த ஊர்க்காரரிடம் பெருமையடிக்கிற ஆட்கள். கல்லிலிருந்து வந்த அந்தச் சுண்ணாம்புதான் என் கிளாஸுக்குள் இறங்கியிருக்கிறது. குடிக்க நல்லது எதற்கும் நல்லது என்று நான் நினைத்தது என்னுடைய பிழை. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கடைக்காரர் நல்ல மனுசன். பற்றரிக்கு விடுகிற, சுண்ணாம்பில்லாத தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் திறந்து, இரண்டு வில்லைகளைப் போட்டுக் கலக்கினார். கண்ணாடிபோலத் தெளிவு. "இப்ப பாருங்கோ" என்று பினோத்தலீன் போத்தலின் மூடியைத் திருகினார்.

"விடாதையுங்கோ தம்பி!"

கத்திவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணையும் பொத்திக்கொண்டேன். வாத்தியார் இந்தமுறை கடை வாசலுக்கே போய்விட்டார்.

"என்னக்கா?"

"முப்பது வருசத்துக்கு மேலாய்ப் பாக்காமல் இருக்கிறன். உங்கடை கையாலை பாக்கமாட்டன்."

 பிறகு மூடியைத் திரும்ப இறுக்குகிற சத்தம் கேட்டது. "திரும்புங்கோ அக்கா, மூடிப்போட்டன்" என்றார்.

வெள்ளிக்கிழமை இன்னொரு லீவு. மனுசன் வேலைக்குப் போய்விட்டார். கடையில் வாங்கி வந்த பற்றரித் தண்ணீரில் கரைத்த காரம் அளவிக்குள். குடுவைக்குள் வினாகிரியும் காட்டியும். துளி விழும், சிவப்பாக ஒரு சுருள் தெரியும், கலக்கினால் மறையும். சுருளை முதன்முதலில் கண்டபோதே குடுவைக்கு முகம் முட்டக் குனிந்துவிட்டேன். ஆனால் அது முடிவு இல்லை. ஒரு துளி கூடினாலும் பிழை என்று மிஸ் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. பிடிக்கட்டும் என்று விட்டேன். ஒரு துளி. கலக்கு. இன்னொரு துளி. கலக்கு. அடுத்த துளி விழுந்தது, கலக்கினேன், நிறம் போகவில்லை.

நான் செவ்வரத்தம்பூ நிறம் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு இல்லை. விரல் நகத்துக்கு அடியில் தெரிகிற சிவப்பு, அவ்வளவுதான். வெள்ளைக் கடதாசியை அடியில் வைத்தால் தெரியும், எடுத்தால் இருக்கா இல்லையா என்று சந்தேகம். குசினிக்குள் தனியே நின்று அழுதேன். சந்தோசத்தில்தான், வேறொன்றும் இல்லை. போனில் படம் எடுத்தேன். படத்தில் அது வெறும் தண்ணீராகத்தான் தெரிந்தது.

சரி, குடுவையையே கொண்டுபோவோம். குடுவையின் வாயைக் கைலேஞ்சித் துணியால் கட்டிக்கொண்டு, மிஸ் இருக்கிற தெல்லிப்பழைக்குப் பஸ் ஏறினேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம். கோயிலுக்குப் போய் வருகிற சனமும் மரக்கறிப் பையுமாகப் பஸ் நிறைந்திருந்தது. மடியில் குடுவையை வைத்துக்கொண்டு, வெள்ளைக் கடதாசியை அடியில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மாவும் பார்த்தார்.

"பிள்ளை, உது என்ன, சர்பத்தோ?"

"இல்லையம்மா, வினாகிரி."

"தண்ணி கூட விட்டிட்டாய்" என்றார். அவர் சுன்னாகத்தில் இறங்கிவிட்டார்.

பஸ் குலுக்கியது. மல்லாகத்தில் கடதாசியை வைத்துப் பார்த்தேன். நிறம் இல்லை. யன்னல் வெயிலில் பிடித்தேன், இல்லை. குலுக்கினேன், இல்லை. அப்போதுதான் பாடப் புத்தகத்தின் ஒரு வரி நினைவுக்கு வந்தது: காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைந்தால் நிறம் மறையும். பஸ் நிறைய ஆட்கள் விட்ட மூச்சு! குலுக்கக் குலுக்க அது கைலேஞ்சிக்குள்ளால் இறங்கியிருக்கிறது. நான் கவனமில்லாமல் நாலு துளி கூட விட்டிருந்தால் நிறம் தெல்லிப்பழை வரைக்கும் இருந்திருக்கும். சரியாகச் செய்தபடியால் போய்விட்டது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் முறைத்துப் பார்த்தேன்.

திரும்பிப் போகலாம் என்றுதான் நினைத்தேன். கால் போகவில்லை, மிஸ்ஸின் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டது. அவர் முன்னறையில் தனியே இருந்தார். "வாரும் பிள்ளை, என்ன கையிலை?" என்றார்.

ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பை அப்படியே மறந்துபோனேன். கைலேஞ்சியை அவிழ்த்தேன். குடுவையைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

"நியமிப்பு, மிஸ். கடைசித் துளி விட்டாச்சு. வடிவாய்ப் பாருங்கோ, நிறம் மாறிட்டுது." வெள்ளைக் கடதாசியை அடியில் பிடித்தேன். "தெரியுதோ?"

மிஸ் மேசையிலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டார். கதிரையிலிருந்து எழும்பிக் கிட்ட வந்தார். குனிந்து அந்தத் தண்ணீரை ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். நிமிர்ந்து கைகளைக் கட்டிக்கொண்டு, நாற்பது பேர் போட்ட அதே இராகத்தில் சொன்னார்.

"ஓம் மிஸ், தெரியுது."