செபஸ்தியம்மாளின் குலவை

வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்புவாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாள். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, வலது உள்ளங்கையை மேலுதட்டுக்கு மேல் கவிழ்த்துக்கொள்வாள். "தள்ளி நில்லுங்கடீ, காது கிழிஞ்சா நான் பொறுப்பில்ல!" அவ்வளவுதான். அடுத்த கணம் தெரு முழுக்கச் செபஸ்தியம்மாளின் குலவை.

எங்கள் தெருவில் சடங்கானாலும் தேரானாலும் முதல் குலவை அவளுடையது. தோல் பதனிடும் ஷாப்பில் இருபத்தாறு வருஷம் ஆட்கள் வரும் நேரமும் போகும் நேரமும் குறித்தவன் நான். அந்தப் பழக்கத்தில் இதையும் குறித்து வந்தேன். 1953ஆம் வருஷத் தேருக்கு முப்பத்தெட்டு வினாடி, ஒரே மூச்சு! 1957இல் இருபத்தேழு. 1960இல் பதினைந்து. 1961 செப்டம்பரில் ஒன்பது. அன்று பத்தாவது வினாடியில் இருமல் வந்துவிட்டது. கிணற்று மேடையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "வயசாயிருச்சுல்ல" என்றாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்து மூன்று.

புகையிலையை அவள் வாயில் வைத்ததே இல்லை. வெற்றிலைக்குக்கூடச் சேர்ப்பதில்லை. ஆனால் அவள் புருஷன் பவுல்ராஜ் சுருட்டு சுற்றுகிறவர். பத்தடிக்கு ஒன்பதடி அறை ஒன்றுதான் வீடும் பட்டறையும். காற்றுப் பட்டால் சுருட்டுக்கு மேலே சுற்றும் இலை காய்ந்து கிழிந்துவிடும். அதனால் ஜன்னலுக்கு ஆணி அடித்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து இலைக்குத் தண்ணீர் தெளித்து நரம்பு உரிப்பாள். ஐம்பது சுருட்டுக்கு ஒன்றை எடுத்துப் பற்றவைத்து, இழுப்பு சரியா என்று அவர் பார்ப்பார். அந்தப் புகை எங்கே போகும்? அவளுக்கு நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்ததும் வைத்தியமும் அவரே பார்த்தார். "கிட்ட வா புள்ள, சளி இளகிரும்" என்று காரமான சுருட்டாகப் பார்த்துப் பற்றவைத்து, அவள் முதுகிலும் கழுத்திலும் புகையை ஊதுவார். அவ்வளவு பிரியம்! இரண்டு வருஷம் இந்த வைத்தியம் நடந்தது.

மகள் அமலராணிக்கு ஆத்தூரில் மாப்பிள்ளை நிச்சயமான பிறகுதான் செபஸ்தியம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"சுருட்டு குடிப்பீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஆத்தாடி! அவுகதான் குடிப்பாக."

"எங்க வச்சு?"

"வீட்டுல."

"நீங்க எங்க இருப்பீங்க?"

"நானும் வீட்டுலதாம்மா."

"அப்ப நீங்களும்தான் குடிக்கிறீங்க."

காசநோய் இல்லையாம். புகை மூச்சுக்குழாய்களைக் கெடுத்துவிட்டதாம். போன மூச்சு போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்.

"மே மாசம் மக கல்யாணம்மா. மாப்பிள்ளைக்கு அத்தை லூர்தம்மா ஆத்தூர்ல பெரிய குலவைக்காரி. அவ முன்னால நான் வாய மூடிக்கிட்டு நிக்கவா?"

வீட்டில் பெரிய சண்டை. "வெளிய உக்காந்தா இலை போயிரும் புள்ள!" என்றார் பவுல்ராஜ்.

"இலை போனா அடுத்த வருசம் விளையும். என் மூச்சு எந்தக் காட்டுல விளையும், சொல்லு?"

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு ஜன்னலின் மூன்று ஆணிகளையும் பிடுங்கினார். கொல்லையில் கீற்றுச் சாய்ப்பு இறக்கி, நான்கு பக்கமும் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு அங்கே பட்டறை போட்டார். நெருப்பு வைப்பதும் இனி அங்கேதான். ஜனவரியில் அவள் குலவை பத்து வினாடி. ஏப்ரலில் பன்னிரண்டு. அதற்கு மேல் ஏறவில்லை.

பொண்ணும் மாப்பிள்ளையும் கோயிலிலிருந்து வந்து பந்தலில் கால் வைக்கும்போது இரண்டு வீட்டுக் குலவையும் மோதுவது வழக்கம். கடைசியில் கேட்பது யார் குலவையோ அவர்கள் ஜெயித்தவர்கள். 1962 மே 23, புதன்கிழமை. லூர்தம்மாள் ஏழு பெண்களோடு வந்து இறங்கினாள். "என்ன மதினி, தொண்டையில சத்தம் இருக்கா, இல்ல கஞ்சி வச்சுக் குடிச்சிட்டியா?" செபஸ்தியம்மாள் சிரித்தாள். பேசி மூச்சைச் செலவழிக்கவில்லை.

பொண்ணும் மாப்பிள்ளையும் பந்தலுக்குள் கால் வைத்தார்கள். லூர்தம்மாள் கிளப்பினாள் பாருங்கள், பந்தல் தோரணமே நடுங்கியது! பத்து வினாடி. பதினைந்து. அவளோடு வந்தவர்களும் எங்கள் பக்கத்துப் பெண்களும் ஒவ்வொருத்தியாக ஓய்ந்தார்கள். செபஸ்தியம்மாள் மட்டும் வாயே திறக்கவில்லை. "ஏ அக்கா, போடுக்கா!" என்று ஒருத்தி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். இருபது. இருபத்திரண்டு. இருபத்து நாலாவது வினாடியில் லூர்தம்மாளின் குரல் தழைந்தது. அப்போது கிளம்பியது இவள் குலவை! முழுசாக, மெல்லிசாக, ஊசி போல. பன்னிரண்டு வினாடி. அதற்குள் லூர்தம்மாளால் அடுத்த மூச்சைப் பிடிக்க முடியவில்லை.

"கள்ளாட்டம்! ஒண்ணாப் போடணும்ல!" என்று கத்தினாள் லூர்தம்மாள்.

"எந்தக் கோர்ட்டுச் சட்டம்டீ?" என்றது எங்கள் தெரு. பவுல்ராஜ் துண்டைச் சுழற்றி ஆடினார். சோறு ஆறும்வரை வழக்கு ஓடியது. கடைசியில் லூர்தம்மாளே சிரித்துவிட்டாள்.

செபஸ்தியம்மாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் ஏறி இறங்கியது. மாப்பிள்ளையின் அப்பா சூசைமாணிக்கம் வாயில் எரிகிற சுருட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"சம்பந்தி, அசத்திட்டீக! பிள்ளையைப் பத்திக் கவலைப்படாதீக. சின்ன வீடுதான், ஆனா எல்லாரும் ஒண்ணாத்தான் இருப்போம். நான் கிடக்கிற கட்டிலுக்கு எதிர்லதான் அடுப்படி. என் கண்ணு முன்னாலயே இருப்பா."

சொல்லி முடித்து நீளமாக ஒரு புகை விட்டார். அமலராணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அதுவரை அவரை நிமிர்ந்து பார்த்துக்கூடப் பேசாத செபஸ்தியம்மாள், பந்தல் காலை விட்டுவிட்டு இரண்டடி முன்னால் வந்தாள். சம்பந்தியின் வாயிலிருந்த சுருட்டை இரண்டு விரலால் பிடுங்கி, வரவேற்புத் தட்டில் இருந்த சந்தனக் கிண்ணத்தில், நெருப்பு கீழே போகும்படி செங்குத்தாகக் குத்தி நிறுத்தினாள்.