‘ந’ தொட்டால் வரும் பெயர்

பத்தாவது வரை படித்த நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசவே எனக்குக் கூச்சம்.

என் மகள் செல்போனோடு வளர்ந்தவள். பாட்டு, வீட்டுப்பாடம், கரண்ட் பில் எல்லாம் அவளுக்கு அதில்தான். அவளுடைய நைனா, என் வீட்டுக்காரர், இறந்த பிறகு அவர் போன் அவளிடம் வந்தது. அதில் ‘ந’ என்று தொட்டால், அவர் தினமும் அவளுக்கு அனுப்பிய வார்த்தைகளை அதுவே எடுத்துக் கொடுக்கும். முதலில் நைனா. அதைத் தொட்டால் வல்லம், அவர் வேலை முடிந்து வரும் வழியில் கடைசி ஊர். அடுத்து தாண்டிட்டேன். கடைசியில், கதவ தொற. இரண்டு முறை நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்திருக்கிறேன்.

போன மாதம் செஞ்சிக் கோட்டையைப் பற்றி அந்தப் போனில் கட்டுரை எழுத உட்கார்ந்தாள். முதல் வரியிலேயே நாயக்கர் என்று இருந்தது. அடிக்கடி எழுதும் வார்த்தைதான் முன்னால் வரும் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

“நாயக்கர்னு போடாதடி. ராஜான்னு போடேன்.”

“எந்த ராஜான்னு டீச்சர் கேக்க மாட்டாங்களா?”

“கோட்டையில இருந்த ராஜான்னு சொல்லு.”

“இன்னாம்மா நீ, பத்தாவது எப்டி பாஸான?”

நான் ‘ந’ மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவள் சிரிப்பு நின்றது. எல்லா இடத்திலும் ராஜா என்றே எழுதி அனுப்பினாள்.

மறுநாள் டீச்சர், ராஜாவின் பெயரைச் சரியாக எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினார். மகள் ஒன்பது இடத்தில் நாயக்கர் என்று மாற்றினாள். சாயங்காலம் ‘ந’ தொட்டேன். நாயக்கர் வந்தது.