நீளாத கை

சாலை பஜாரில் கேக் கடையைக் கடக்கையில் கிராம்போடு உலர்திராட்சை கொதிக்கும் வாசனை வந்தால், திருவிருந்துக்கு அப்படித்தான் திராட்சை ரசம் காய்ச்சிய, இன்று வண்டிகள் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் சின்னத் தமிழ்க் கிறிஸ்தவக் கோயிலுக்கு நினைவில் போய்விடுகிறேன். ஓட்டுக்கூரையில் புறாக்கள் முனக, மாதம் ஒருமுறை வரும் அந்தத் திருவிருந்து ஞாயிறுகளில் எல்லோரும் பாடிக்கொண்டே அப்பம் வாங்க முன்னே போவார்கள். இந்துவான அப்பாவைக் கட்டியதால் திருவிருந்திலிருந்து விலக்கப்பட்ட அம்மா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டு, கடைசி பெஞ்சில் என் விரல்களைப் பிடித்தபடி இருப்பாள்.

ஒருமுறை நாகர்கோவிலிலிருந்து வந்த வயதான போதகர் ஐயர், அப்பத்தட்டோடு எங்களிடமே இறங்கி வந்தார். சபை மூப்பர்கள், “இது முறையில்லையே” என்று முணுமுணுத்தார்கள்.

“வாங்கிக்கோ மக்களே, இது உனக்கும்தான்,” என்று தட்டை அம்மாவிடம் நீட்டினார்.

“எனக்குத் தகுதி இல்ல, ஐயரே.”

“ஆருக்கு இருக்கு? எனக்கா?”

அம்மாவின் கை என் கைக்குள்ளேயே கிடந்தது. விலகியே பழகிய அது எழவில்லை. நான் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. பாட்டு முடியும்வரை நின்றவர், அவள் தலையைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்.

வீட்டுக்கு நடக்கையில் அம்மா கேட்டாள்: “அவரு இனியும் வருமோ, மோளே?”

வருவார் என்றேன். அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் எங்கள் வழக்கமான போதகர்தான் அப்பம் கொடுத்தார். அவர் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை.