யேரிம் பெயருக்கு வந்த கோட்டு

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படிக்கலாம். எனக்குக் கதை கட்ட வராது. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். என் மாணவி நாரேயின் அப்பா இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டால் பதில் சொல்லமாட்டார். எழுந்து உள்ளே போய்விடுவார்.

தென்கொரியாவில், கங்வோன் மலையில் ஒரு கிளைப்பள்ளி. பிள்ளைகள் மொத்தம் நான்கு பேர். செப்டம்பரில் அங்கே மாற்றல் கேட்டேன். யாரும் கேட்டு வாங்குகிற இடமில்லை என்பதால் உடனே கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே ஆசிரியர் குடியிருப்பு. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. எனக்கு அது போதும். அதற்கு முந்தைய மாதம்தான் என் மனைவி யேரிம் இறந்திருந்தாள். ரத்தப் புற்றுநோய்.

அவள் போன அன்று மாமியார் அவளுடைய சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் வீட்டுக் கூரைமேல் ஏறிச் செய்வார்களாம். வடக்கே பார்த்துச் சட்டையை ஆட்டிக்கொண்டே மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால்தான் உயிர் போய்விட்டது என்று ஒப்புக்கொள்வது எங்கள் வழக்கம்.

"அவ்வளவுதான் மாப்பிள்ளை," என்றார். "இனிமே அந்தப் பேரச் சத்தமா கூப்பிடாதீங்க. கூப்பிட்டா வந்துருவா. வந்தா போகமாட்டா."

நாற்பத்தொன்பதாம் நாள் அவள் துணிகளை எரித்தோம். எரித்தால்தான் போன இடத்தில் அவளுக்கு உடுத்தக் கிடைக்கும். "உன் பாவாடை, எடுத்துக்கோ. உன் காலுறை, எடுத்துக்கோ" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மாமியார் நெருப்பில் போட்டார். நான் குச்சியால் கிளறிவிட்டுக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. இப்போதும் வருவதில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு பார்சல் வந்தது.

யேரிம் பெயருக்கு.

கோடையிலேயே பணம் கட்டி வைத்தால் குளிர்காலத் துணிகளை விலை குறைத்துக் கொடுப்பார்கள். அப்படிப் பதிவு செய்திருக்கிறாள். கணுக்கால் வரை வரும், பஞ்சு வைத்துத் தைத்த நீளக் கோட்டு. வெளிர் மஞ்சள். அவளுக்கு எப்போதும் குளிரும். கடைசியில் ஆகஸ்ட் மாத வெயிலிலும் குளிர்ந்தது. பார்சலில் ஒன்று மட்டும் உறுத்தியது. அதில் இருந்தது கிளைப்பள்ளிக் குடியிருப்பின் முகவரி. நான் அங்கே போவேன் என்று அவள் உயிரோடு இருந்தபோது எனக்கே தெரியாது. தபால் நிலையத்தில் மாற்றி எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் போடாத கோட்டு. அவள் கைபடாத கோட்டு. எரிக்க வேண்டிய துணிகளில் இது சேராது என்று முடிவு செய்தேன்.

நாரேயிடம் கொடுத்தேன்.

நாரே ஆறாம் வகுப்பு. அவள் அப்பாவுக்குப் பனிக்காற்றில் மீன் காயப்போடும் களத்தில் வேலை. அவளிடம் இருந்தது ஒரு மெல்லிய ஜாக்கெட். அதில் எப்போதும் மீன் வாசம். அதனால் வகுப்பில் அடுப்புப் பக்கம் வராமல் கதவோரமே உட்காருவாள்.

"கருவாட்டு மகாராணி வர்றாங்க, வழி விடுங்கடா!" என்பான் ஹானுல். அவள் வகுப்புதான். நான்கு பேரில் வாய் நீளம் அவனுக்குத்தான்.

கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த அன்றும் ஆரம்பித்தான். "மகாராணி இன்னிக்குக் குளிச்சிட்டு வந்திருக்காங்க!"

"மொதல்ல உன் வாயக் கழுவுடா," என்றாள் நாரே. அவனைத் தள்ளிவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பதில் பேசி நான் கேட்டது அன்றுதான்.

மறுநாள் அவள் அப்பா ஒரு கட்டுக் காய்ந்த மீனோடு வந்தார்.

"சும்மா வாங்கிப் பழக்கமில்ல சார். வச்சிக்கோங்க. இவ அம்மா எங்கள விட்டுட்டுப் போனதுக்கப்புறம் இவ சிரிச்சு நேத்துத்தான் பாத்தேன். எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான்."

கிளம்பும்போது திரும்பினார். "கோட்டு யாரோடது சார்?"

"புதுசு. யாரும் போடல."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "சரி," என்றார்.

முதலில் கோட்டின் கையோரம் நனைந்திருந்தது. அந்த வாரம் பனி விழவில்லை. மழையும் இல்லை. அடுப்புப் பக்கத்தில் தொங்கவிட்டோம். இரண்டு மணி நேரம் தொங்கியது. காயவில்லை.

அடுத்தது பாட நேரத்தில். நான் ஒரு வரி சொல்வேன், பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். அன்றும் சொன்னார்கள். வரி முடிந்து நான்கு பேரும் வாயை மூடினார்கள். அதற்குப் பிறகும் கடைசிச் சொல் ஒரு முறை வந்தது. மெதுவாக.

பெரியவர்கள் குரலில்.

ஹானுல் திரும்பிப் பார்த்தான். "யாருடா அது லேட்டா சொல்றது? சார், மகாராணிக்கு வால் மாதிரி ஒருத்தர் பின்னாடியே வர்றாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பக்கத்தைப் புரட்டினேன்.

அதற்கு அடுத்த நாள், 'உன் பையில் என்ன இருக்கிறது?' என்ற பாடம். ஒவ்வொருவராகப் பைக்குள் கைவிட்டு, எடுத்ததன் பெயரை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பென்சில். மிட்டாய். பேருந்துச் சீட்டு. நாரே கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்தாள். பெயர் சொன்னாள். எழுந்து வந்து என் மேசைமேல் வைத்தாள்.

தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

எனக்குச் சில்லென்று எதைத் தின்றாலும் பல் கூசும். யேரிம் கடையிலிருந்து வரும் வழியெல்லாம் ஆரஞ்சைக் கைக்குள்ளேயே வைத்திருந்து, சூடேற்றித்தான் எனக்குத் தருவாள். இது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"யாரு குடுத்தா நாரே?"

பைக்குள் எட்டிப் பார்த்தாள். "தெரியல சார். உங்களுக்குன்னு இருந்துச்சு."

கோட்டைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று நினைத்தேன். வெளியே எலும்பைத் துளைக்கிற குளிர். வாங்கிவிட்டு அவளை எதைப் போர்த்தி அனுப்புவது?

வியாழக்கிழமை. காலையிலிருந்து பனி கொட்டியதால் பேருந்து வரவில்லை. நான்கரைக்கே வகுப்பை முடித்துவிட்டேன். நாரேயின் வீடு ஏரிக்கரைச் சாலையில்தான். இருபது நிமிட நடை. நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் போய்விட்டார்கள். கதவருகில் ஒரு காலடிச் சத்தம் வந்து நின்றது.

"என்னங்க..."

கை அப்படியே நின்றுவிட்டது. மனைவி புருஷனைக் கூப்பிடுகிற விதம் அது. என்னை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

திரும்பினேன். கதவு திறந்து கிடந்தது. யாருமில்லை. தரையில் ஈரம் மட்டும்.

ஐந்து இருபதுக்கு ஃபோன் அடித்தது. நாரேயின் அப்பா.

"சார், நாரே அங்கயா இருக்கா?"

"கிளம்பி முக்கால் மணி நேரமாச்சே."

"வரல சார்... இன்னும் வரல. நான் லாரிய எடுத்துட்டு வர்றேன்."

ஓடினேன். இருட்டிக்கொண்டு வந்தது. சாலையோரப் பனியில் சின்னப் பூட்ஸ் தடம். ஓர் இடத்தில் அது சாலையை விட்டு இறங்கியது. ஏரிப் பக்கமாக.

தனித் தடம்தான். கூட யாரும் நடந்ததாகத் தெரியவில்லை.

கரையில் நின்று பார்த்தேன்.

பனிக்கட்டியின்மேல் மஞ்சளாக ஒன்று போய்க்கொண்டிருந்தது.

டிசம்பர் தொடக்கம். ஏரி ஓரத்தில்தான் உறைந்திருந்தது. நடுவில் இன்னும் கறுப்பாகத் தண்ணீர். நாரே அதைப் பார்த்துத்தான் நடந்துகொண்டிருந்தாள். மெதுவாக. இடது கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, கொஞ்சம் உயர்த்தி வைத்திருந்தாள்.

யாரோ பிடித்துக் கூட்டிப் போவது போல.

"நாரே!"

திரும்பவில்லை.

"நாரே! நில்லு!"

நான் கால் வைத்தேன். சடாரென்று ஒரு சத்தம். முழங்கால் வரை தண்ணீருக்குள் போய்விட்டது. பிள்ளையைத் தாங்குகிற பனிக்கட்டி என்னைத் தாங்கவில்லை. பின்னால் வந்து மறுபடி வேறோர் இடத்தில் வைத்தேன்.

சடார்...

அவளுக்கும் கறுப்புத் தண்ணீருக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது.

தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டே போனாள்.

அப்போதுதான் புரிந்தது. என் குரல் நாரேக்கு எட்டவில்லை. நடப்பது நாரேயும் இல்லை.

மாமியார் சொன்னது நினைவில் இருந்தது. நன்றாகவே நினைவில் இருந்தது.

"யேரிமா!"

கால் நின்றது.

"யேரிமா!"

இடது கை கீழே விழுந்தது.

"யேரிமா... அந்தப் பிள்ளைய விட்டுரு. இங்க வா. நான் இங்கதான் இருக்கேன்."

திரும்பினாள்.

நடந்து வந்தாள். ஒரு சத்தமில்லை. பனிக்கட்டி முனகக்கூட இல்லை.

மேலே லாரி வந்து நின்றது. அதன் வெளிச்சம் ஏரிமேல் விழுந்தது. நாரேயின் அப்பா சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தார். பாதியில் நின்றுவிட்டார்.

"சார்..."

"என்ன?"

"அவ பின்னாடி வர்றது யாரு?"

நான் பார்த்தேன். எனக்கு நாரே மட்டும்தான் தெரிந்தாள்.

கரையேறியதும் அவளைப் பிடித்துக் கோட்டை உருவினேன். தண்ணீரில் ஊறப்போட்டது போலக் கனத்தது. பிள்ளையின் உதடு நீலமாகியிருந்தது.

"அந்த அக்கா பாவம் சார்," என்றாள். "தனியா நடக்கப் பயமா இருக்காம்."

அப்பா அவளைத் தன் கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டார். நான் லாரியிலிருந்து டீசல் வாங்கி, அங்கேயே அந்தக் கோட்டைக் கொளுத்தினேன். அவ்வளவு ஈரத்துக்கு அது எரிந்திருக்கவே கூடாது. குப்பென்று பிடித்துக்கொண்டது.

"உன் கோட்டு," என்றேன். "எடுத்துக்கோ."

நாரேயின் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கையைக் காட்டித் தடுத்தார்.

"எம்பொண்ணு கெடச்சிட்டா. வேற எதுவும் சொல்லாதீங்க சார். எனக்கு எதுவும் தெரிய வேணாம்."

நாரேக்கு மூன்று நாள் காய்ச்சல். பிறகு பழைய ஜாக்கெட்டோடு பள்ளிக்கு வந்தாள். ஹானுல் ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்புப் பக்கத்து இடத்தை அவளுக்குக் கொடுத்தான். ஏரி அவளுக்கு நினைவில்லை. கையோரம் நனைவதில்லை. பாடத்தில் நான்கு குரல்தான் கேட்டது.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஜனவரி. பள்ளிக்கு விடுமுறை. ஒரு காலையில் என் ஃபோனுக்குத் துணிக்கடையிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'உங்கள் இரண்டாவது பொருள் ஒப்படைக்கப்பட்டது.' கடைக்கு ஃபோன் செய்தேன்.

"ஜோடிக் கோட்டுதானே சார் பதிவு பண்ணியிருந்தாங்க," என்றது ஒரு பெண் குரல். "லேடீஸ் ஒண்ணு, ஜென்ட்ஸ் ஒண்ணு. உங்க அளவு ஸ்டாக் இல்லாம லேட்டாயிடுச்சு. மன்னிக்கணும்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு வெளியே போக வேண்டும் என்பது யேரிமின் ஆசை. நான் வெட்கப்பட்டு மறுத்துக்கொண்டே இருந்தேன்.

வாசலில் பார்சல் இல்லை. வீட்டிலும் இல்லை. பார்சல்காரரின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன்.

"நேத்து சாயங்காலமே குடுத்துட்டேனே சார். நீங்க எங்கயோ வெளிய போயிருந்தீங்க. உங்க வீட்டம்மா கையிலயே குடுத்தேன்."

நான் ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தேன்.

"மஞ்சக் கோட்டு போட்டுக்கிட்டு வாசல்லயே நின்னாங்களே சார். குளிருதும்மா, உள்ள போங்கன்னேன். இல்ல, இப்ப குளிரலன்னாங்க."

"வேற... ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணுமில்ல. ஏரி கெட்டியா உறஞ்சிருச்சான்னு கேட்டாங்க. ரெண்டு பேர் சேந்து நடந்தா தாங்குமான்னு கேட்டாங்க." அவர் சிரித்தார். "இந்தக் குளிருக்கு லாரியே போகும்மான்னேன். அப்படி ஒரு சந்தோஷம் சார் அவங்க மொகத்துல."